பெல்ஜியத்தில் ஐந்து நாள்: பீர் பயணத்துக்கு எந்தப் பாதை?

பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டு தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதனால் பயணிக்குப் புதிதாக எந்த வசதியும் கூடிவிடவில்லை. முன்பு இருந்த சிக்கல்தான் இன்றும் இருக்கிறது. நாடு சிறியது. ஆனால் அந்தச் சிறிய நாட்டுக்குள் பீர் என்ற ஒரே பெயரில் வழங்கும் பானங்கள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைபோல் இருக்கின்றன. மூன்று ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்து புளித்த பீர், துறவிமடத்தில் காய்ச்சப்பட்டு 11 சதவீத ஆல்கஹாலைத் தாங்கி நிற்கும் கரும் பீர், பண்ணை வேலையாட்களின் தாகத்துக்காகத் தோன்றியதாகச் சொல்லப்படும் ‘சேசோன்’ என்னும் வறண்ட பீர் ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சுவைப்பவர் அவை ஒரே நாட்டுச் சரக்கு என்று சொல்லமாட்டார். ஐந்து நாளில் அனைத்தையும் எட்டிப் பார்த்துவிட நினைப்பவர், பீரைவிட ரயில் நிலையங்களையே அதிகம் பார்த்துத் திரும்புவார்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முதல் பாதை, பிரஸ்ஸல்ஸ் நகரிலேயே தங்கி, அங்கும் அதன் தென்மேற்கே சென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பாயோட்டன்லாந்து என்னும் கிராமப்புறத்திலும் உருவாகும் லாம்பிக் என்னும் புளிப்புப் பீரைத் தேடிச் செல்வது. இரண்டாவது, கென்ட் நகரில் தங்கி, நாட்டின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸின் பழைய ஊர்களையும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி விளையும் மேற்கு எல்லை வயல்களையும் ரயிலிலும் மிதிவண்டியிலும் சுற்றிவருவது. மூன்றாவது, ஒரு காரை வாடகைக்கு எடுத்து, தெற்கே வலோனியாவின் காடுகளுக்கு நடுவே இருக்கும் துறவிமடங்களை ஒவ்வொன்றாகக் காண்பது. பீர் விரும்பிகளின் கனவில் பெரும்பாலும் வருவது மூன்றாவது பாதைதான். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன் என் அளவுகோலைச் சொல்லிவிடுவது நேர்மை.

பெல்ஜியத்தின் பேர்போன பீர்களில் பெரும்பாலானவை இன்று கடல் கடந்து விற்பனையாகின்றன. ஷிமே, டூவெல், வெஸ்ட்மாலே போன்றவற்றை லண்டனிலும் சிங்கப்பூரிலும் நல்ல கடைகளில் வாங்க முடிகிறது; பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும்படி செய்யப்பட்டவை என்பதால் அவை பயணத்தில் பெரிதாகக் கெடுவதும் இல்லை. எனவே விமானச் சீட்டும் விசாவும் எடுத்துப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘அங்கே எந்தப் பீர் சிறந்தது’ என்பதல்ல. ‘அங்கே போனால் மட்டும் கிடைப்பது எது’ என்பதே. இரண்டாவது கேள்வி, அதை அடையக் கார் தேவையா என்பது. மூன்றாவது கேள்வியை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை: ஒரு நாளில் நம் உடம்பு எவ்வளவைத் தாங்கும்? இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது பாதைகளின் மதிப்பு தலைகீழாக மாறுகிறது.

முதல் பாதையின் நாயகனான லாம்பிக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது செய்யப்படும் முறையே அதைத் தேடிப் போவதற்கான காரணம். மற்றப் பீர்களில், மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்திலிருந்து இறக்கிக் காய்ச்சிய சாற்றைக் குளிரவைத்து, ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டை அளந்து சேர்ப்பார்கள். லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. மால்ட்டோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமையும் சேர்த்து இறக்கிய சாற்றை, கசப்பு போய்க் காப்புத்தன்மை மட்டும் எஞ்சியிருக்கும் பழைய ஹாப்ஸுடன் நெடுநேரம் கொதிக்கவைத்து, கூரைக்கடியில் உள்ள ஆழமில்லாத பெரிய தொட்டியில் இரவு முழுவதும் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். பலகைச் சன்னல்கள் வழியே வரும் குளிர்ந்த காற்றும், அந்தக் கட்டடத்தின் மரங்களிலும் பீப்பாய்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. பனங்கள்ளை அறிந்தவருக்கு இதில் வியப்பு இராது; பானையிலும் காற்றிலும் இருப்பவையே பதநீரைக் கள்ளாக்குகின்றன. வேறுபாடு காலத்தில்தான் இருக்கிறது: கள் ஓரிரு நாளில் செய்து முடிப்பதை லாம்பிக் ஓக் பீப்பாயில் ஓர் ஆண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று நிதானமாகச் செய்கிறது. இந்த நொதித்தலில் முக்கியப் பங்கேற்கும் ஈஸ்ட் இனம் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே பிரஸ்ஸல்ஸ் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த முறைக்குக் குளிர்ந்த இரவு வேண்டும் என்பதால், காய்ச்சுவது ஏறத்தாழ அக்டோபர் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே நடக்கிறது. இரவுகள் சூடேறி வருவதால் அந்தப் பருவமும் சுருங்கி வருவதாகப் பீர் ஆலையினரே கவலையோடு கூறியுள்ளனர். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளை ஒன்றோடொன்று கலந்து பாட்டிலில் அடைத்தால், இளையதில் எஞ்சியிருக்கும் சர்க்கரை மீண்டும் நொதித்து நுரையெழும்பும் ‘கூஸ்’ ஆகிறது. புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்தால் ‘கிரீக்’ ஆகிறது. கலப்பது ஒரு தனிக்கலை. தாங்களே காய்ச்சாமல், பல ஆலைகளிலிருந்து சாற்றை வாங்கித் தங்கள் பீப்பாய்களில் வளர்த்துக் கலக்கும் கலப்பாளர்களும் இந்தப் பகுதியில் உண்டு.

பாட்டிலில் வரும் கூஸ் வெளிநாடுகளிலும் அரிதாகக் கிடைக்கலாம். கலக்காத லாம்பிக் கிடைப்பது அதைவிட அரிது. நுரையே இல்லாமல், கல்ஜாடியில் ஊற்றிவைத்துக் கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறப்படும் அந்தப் பானத்தைப் பிரஸ்ஸல்ஸிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள சில மதுக்கூடங்களுக்கு வெளியே காண்பது மிகக் கடினம். வைக்கோல், பழைய மரப்பெட்டி, நாரத்தைத் தோல் ஆகியவற்றின் மணம் கலந்த அதன் புளிப்பு முதல் மிடறில் பலரை முகம் சுளிக்க வைக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து உள்ளூர்க்காரர்களுக்கே புளிப்பு அதிகமாகத்தான் இருந்திருக்கிறது; கிண்ணத்தில் சர்க்கரைக் கட்டியைப் போட்டு நசுக்குவதற்கென்றே ‘ஸ்டூம்பர்’ என்ற சிறு உலோகக் கருவி அங்கே வழக்கில் இருந்தது.

போக்குவரத்தைப் பார்த்தால் இந்தப் பாதைக்கு இணை வேறில்லை. 1900இல் தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலை, லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அதிவேக ரயில்கள் வந்து நிற்கும் பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியின் சாதாரணத் தெரு ஒன்றில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு போலத் தோன்றும் அந்தக் கட்டடம் 1978 முதல் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. செப்புத் தொட்டி, பீப்பாய் வரிசை, பழ ஈக்களைப் பிடிக்கட்டும் என்று கலைக்காமல் விடப்பட்ட சிலந்தி வலைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இறுதியில் கிண்ணத்தோடு நிற்கலாம். மூன்று பாதைகளிலும் சேர்த்து, பீர் உருவாகும் இடத்துக்கே பயணியை இவ்வளவு நெருக்கமாக விடும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் பேர்ஸலுக்குப் போய்விடலாம். நிலையத்தருகே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அகழிக் கோட்டை. மேட்டில் ஏறினால் ஊர்ச் சதுக்கத்தில், லாம்பிக் நிறுவனமான திரீ ஃபொன்டெய்னன் பெயர் தாங்கிய உணவகம். சற்றுத் தள்ளி, 1882இல் தொடங்கிய ஔட் பேர்ஸல் ஆலை. திரீ ஃபொன்டெய்னன் நிறுவனம் 2016இல் அருகிலுள்ள லாட் என்ற ஊரில் பெரிய கிடங்கும் சுவைக்கூடமும் திறந்தது. அதற்கும் ரயிலிலேயே போகலாம். இன்னும் தெற்கே, லாம்பிக் என்ற பெயரே தன்னிடமிருந்து வந்ததாகச் சிலர் கூறும் லெம்பேக் ஊரில், இந்த வகை கிட்டத்தட்ட அழிந்துகொண்டிருந்த 1970களில் ஃபிராங்க் பூன் துணிந்து எடுத்து நடத்திய ஆலை இன்று பெரிய நிறுவனமாக நிற்கிறது. பயண நாள்களுக்குள் ஒரு ஞாயிறு வருமானால் அய்சரிங்கன் கிராமத்தை விட்டுவிடக் கூடாது. ‘பெருந்தாகத்துக்கு எதிரான காப்பீடு’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அங்குள்ள சிறிய மதுக்கூடம், தேவாலயம் முடிந்து வருவோருக்காக வழக்கமாக ஞாயிறு முற்பகலில்தான் திறக்கிறது. காப்பீடு என்று பெயர் வைத்துவிட்டு வாரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் அலுவலகம் திறப்பது எல்லா நாட்டுக் காப்பீட்டாளர்களுக்கும் பொதுவான குணம்போலும்.

நகருக்குள்ளும் சலிப்பதற்கு வழியில்லை. 1928 முதல் இருக்கும் ‘ஆ லா மோர் சுபித்’ கூடத்தின் கண்ணாடிகளும் தூண்களும், பீரை ஒரு கணம் மறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கத் தூண்டுபவை. பல வகை லாம்பிக்குகளைப் பீப்பாயிலிருந்தே தரும் ‘மூடர் லாம்பிக்’ கூடத்தின் பெயரில் வரும் முதல் சொல் டச்சு மொழியில் தாயைக் குறிக்கிறது. தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிக் கேட்டால் அதற்கு நாம் பொறுப்பல்ல. புதிய தலைமுறைக் கைவினை ஆலைகளில் பிரஸ்ஸரி தெ லா சென் எனக்கு முதன்மையாகப் படுகிறது. இனிப்பும் போதையும் கூடிய பெல்ஜியப் பீர் என்ற வாய்ப்பாட்டை விட்டு விலகி, வெறும் 4.5 சதவீத ஆல்கஹாலுடன் கசப்பை முன்னிறுத்தும் ‘தாராஸ் பூல்பா’ போன்றவற்றை அது செய்கிறது. நகரின் பழைய சரக்குக் கிடங்கு வளாகமான தூர் எ தாக்சி பகுதிக்கு இடம்பெயர்ந்த பின் அதன் சுவைக்கூடமும் வசதியாகிவிட்டது. நகர மையத்தில், 2004இல் 2,004 வகைப் பீர்களை வைத்திருந்ததற்காகக் கின்னஸ் சாதனை பெற்ற டெலிரியம் கூடத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். இரண்டாயிரம் வகைகள் இருக்கும் இடத்தில் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் பாதையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் பாட்டிலின் மேல் உள்ள சீட்டு. இனிப்பும் பழச்சாறும் ஏற்றிய கிரீக் வகைகள் அதே அலமாரியில் அதே பெயரில் நிற்கும். ‘பழைய’ என்று பொருள்படும் ‘அவுட’ என்ற டச்சுச் சொல் கூஸ் அல்லது கிரீக் என்பதற்கு முன்னால் இருந்தால், அது மரபு முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

இனி இரண்டாவது பாதை. பிரஸ்ஸல்ஸிலிருந்து கென்ட் ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், புரூஜ் ஒரு மணி நேரம். பார்ப்பதற்கு அழகு என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிப்பவருக்கு இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். கால்வாய்களும் படிக்கட்டு முகப்பு வீடுகளும் மணிக்கூண்டுகளும் பிரஸ்ஸல்ஸைத் தோற்கடித்துவிடும். புரூஜின் நகரச் சுவருக்குள் இயங்கும் டி ஹால்வே மான் ஆலை, லாரிகள் கற்பாவிய சந்துகளில் நுழைவதைத் தவிர்க்க, ஊருக்கு அடியில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் குழாய் பதித்து 2016 முதல் பீரை நகருக்கு வெளியே உள்ள பாட்டில் கூடத்துக்கு அனுப்புகிறது. அந்தச் செலவின் ஒரு பகுதியைப் பீர் தருவதாக வாக்களித்துப் பொதுமக்களிடமே திரட்டினார்கள். 1983 முதல் இருக்கும் ‘பிருக்ஸ் பேர்ட்யே’ என்ற சிறு கூடம், எந்தப் பீர் வேண்டும் என்று தெரியாதவரிடம் பரிவோடு பேசி வழிகாட்டும் இடம் என்று பெயர் பெற்றது. கென்ட்டின் டுல்லெ கிரீட் கூடத்தில், வீட்டுத் தயாரிப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் நெடுங்கண்ணாடிக் குவளையில் கேட்டால், குவளையைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க ஒரு காலணியைப் பிணையாக வாங்கிக் கூடையில் வைத்துக் கூரைக்கு ஏற்றிவிடுகிறார்கள். இவையெல்லாம் வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்த ஊர்களின் கூடங்களில் கிடைக்கும் பீர்களில் பெரும்பகுதி வெளியூர்களிலும் கிடைப்பவை. ருசலாரெ ஊரில் ஏறக்குறைய முந்நூறு மாபெரும் ஓக் தொட்டிகளில் பீரை வளர்க்கும் ரோடன்பாக் ஆலையின் செம்பழுப்புப் புளிப்புப் பீர் கூட, அதன் எல்லாப் பெருமையோடும், நன்றாகவே ஏற்றுமதியாகிறது.

இரண்டாவது பாதையின் உண்மையான வலிமை மேற்கு ஓரத்தில், ஹாப்ஸ் விளையும் போப்பரிங்கெ வட்டாரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் போனால், உயரமான கம்பங்களில் கொடி ஏறிய ஹாப்ஸ் அறுவடையாகும் மணம் ஊர் முழுவதும் இருக்கும். பழைய எடைச்சாவடியில் அமைந்த ஹாப்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, சந்திப்புக்குச் சந்திப்பு எண்ணிட்டுள்ள மிதிவண்டிப் பாதையில் சில கிலோமீட்டர் சமவெளியில் மிதித்தால் சின்ட் சிக்ஸ்டுஸ் மடம் வந்துவிடும். உலகின் தலைசிறந்த பீர் என்று பலமுறை பட்டம் சூட்டப்பட்ட வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 காய்ச்சப்படும் மடம் அதுதான். துறவிகள் விற்பனைக்காக அலைவதில்லை. முன்பதிவு செய்துகொண்டு காரில் வந்து பெட்டியாக எடுத்துச் செல்வதே நெடுநாள் வழக்கம். முன்பு அந்தப் பதிவைத் தொலைபேசியில் மட்டுமே செய்ய முடிந்தது, 2019 முதல் இணையவழியில் செய்யலாம். காரில்லாத பயணிக்கு எதிர்ப்புறத்தில் உள்ள ‘இன் டி ஃப்ரேடெ’ கூடத்தில் ஒரு மேசை போதும். வாரத்தில் சில நாள்கள் அது மூடியிருக்கும் என்பதால் கிழமையைப் பார்த்துப் போக வேண்டும்.

என் அளவுகோலின்படி, அங்கே போனால்தான் கிடைக்கும் என்ற தகுதி வெஸ்ட்ஃப்ளேட்டரனுக்கும் உண்டல்லவா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அருகில் உள்ள வாட்டோ ஊரின் சின்ட் பெர்னார்டுஸ் ஆலை, 1946 முதல் 1992 வரை இந்த மடத்தின் பெயரிலேயே உரிமம் பெற்றுக் காய்ச்சிய ஆலை. அது இன்றும் செய்யும் ‘அப்ட் 12’ நெருங்கிய உறவுக்காரன்போல் இருக்கிறது, பல நாடுகளிலும் கிடைக்கிறது. அருமை என்பதில் பாதி அரிதாக இருப்பதால் வருவது. நெடுங்காலம் சீட்டு ஒட்டாமலே வந்த பாட்டிலும் பெயர்க் கவர்ச்சியும் சேர்ந்து நாக்கை முன்கூட்டியே சாய்த்துவிடுகின்றன என்பது என் எண்ணம். இதற்காகவே ஐந்து நாளையும் மேற்கில் செலவிடச் சொல்லமாட்டேன். பக்கத்து ஈப்பர் நகரில் முதல் உலகப் போரில் காணாமற்போன படைவீரர்களின் பெயர்களைத் தாங்கிய மெனின் வாயிலில், இந்தியப் படையினரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன; அங்கே 1928 முதல் மாலை எட்டு மணிக்கு ஊதப்படும் அஞ்சலி எக்காளத்தையும் சேர்த்துக்கொண்டால், குடிக்காத துணையோடு வருபவருக்கு இந்தப் பாதை மற்ற இரண்டையும்விடப் பொருத்தமானதாகிவிடும்.

மூன்றாவது பாதையைப் பற்றிய கனவில் ஒரு பிழை இருக்கிறது. மடத்துக்குள் நுழைந்தால் வெள்ளை அங்கி அணிந்த துறவி கொதிகலனைக் கிளறிக்கொண்டிருப்பார் என்றும், வந்தவருக்கு ஒரு குவளை நீட்டுவார் என்றும் நினைத்துப் போகிறவர்கள் மூடிய கதவைத்தான் பார்ப்பார்கள். டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவிச் சபையின் பெயர் தாங்கிய முத்திரைக்குரிய விதிகள், பீர் மடத்தின் வளாகத்துக்குள், துறவிகளின் மேற்பார்வையில் செய்யப்பட வேண்டும், வருவாய் மடத்தின் வாழ்க்கைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும் என்று சொல்கின்றன. சுற்றுலாப் பயணியை உள்ளே விட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. ரோஷ்ஃபோர் மடத்தின் ஆலையைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. ஷிமேயில் தனியாகக் கட்டிய பார்வையாளர் மையமும் விடுதியும் இருக்கின்றன. பாட்டிலில் அடைப்பதோ மடத்துக்கு வெளியே வேறோர் ஊரில் நடக்கிறது. துறவிகள் குறைந்து வருவதும் கண்கூடு: ஆகெல் மடத்தில் துறவிகள் இல்லாமற்போனதால் அதன் பீர் 2021இல் டிராப்பிஸ்ட் முத்திரையை இழந்தது.

விதிவிலக்கு ஓர்வால். ஆர்டென் காடுகளின் தென்கோடியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, பழைய மடத்தின் இடிபாடுகளும் புதிய மடமும் அருகருகே நிற்கும் அந்த இடத்துக்காக மட்டும் என் மனம் சற்று ஆடுகிறது. 1931இல் தொடங்கிய அதன் ஆலை வெளியூர்ச் சந்தைக்கு ஒரே பீரைத்தான் செய்கிறது. காய்ச்சிய பின் மீண்டும் ஹாப்ஸ் சேர்த்து, பாட்டிலில் அடைக்கும்போது காட்டு ஈஸ்ட்டும் சேர்ப்பதால், புதிதாக இருக்கையில் ஹாப்ஸ் மணம் மேலோங்கி, ஆறு மாதம், ஓராண்டு கழித்து வறண்டு வேறொன்றாகிவிடுகிறது. மடத்தருகே உள்ள ‘ஆ லாஞ்ச் கார்தியன்’ கூடத்தில் ஆல்கஹால் குறைந்த, மென்மையான ‘பச்சை ஓர்வால்’ என்ற வகையும் கிடைக்கும். கடைகளில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் அந்த இடத்தை அடைய, அருகிலுள்ள ஃபுளோரன்வீல் நிலையத்திலிருந்து மேலும் சில கிலோமீட்டர் போக வேண்டும்; பேருந்தை நம்பினால் பகல் முழுவதும் அதற்கே சரியாகிவிடும்.

அப்படியானால் கார் எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் என் மூன்றாவது கேள்வி வந்து நிற்கிறது. பெல்ஜியத்தில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. ரோஷ்ஃபோர் 10 என்ற பீரின் வலிமை 11.3 சதவீதம், அதன் 33 சென்டிலிட்டர் சிறு பாட்டிலில் உள்ள ஆல்கஹால், நம் ஊரின் ஐந்து சதவீதப் பீர் 650 மில்லிலிட்டர் பெரிய பாட்டிலில் உள்ளதைவிடக் கூடுதல். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் அந்த ஒரு பாட்டிலைக் குடித்தாலே வரம்பைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே மடங்களைச் சுற்றும் காரில் ஒருவர் குடிக்காமலே ஐந்து நாள் ஓட்ட வேண்டும், அல்லது எல்லோரும் மேசையில் வாசனை பார்த்துவிட்டுப் பாட்டிலை அறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அறையில் குடிப்பதற்கு லண்டன் கடையில் வாங்கிய பாட்டில் போதுமே என்ற எண்ணம் இரண்டாம் நாளே வந்துவிடும். இதற்கு மாறாகக் கூஸும் லாம்பிக்கும் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறரை சதவீதத்துக்குள் நிற்பவை. 75 சென்டிலிட்டர் பாட்டிலை இருவர் மூவராகப் பகிர்ந்துகொண்டு, சாப்பிட்டு, நடந்து, ரயிலேறி அடுத்த ஊருக்குப் போகலாம்.

வலோனியாவை முழுவதும் விட்டுவிட மனமில்லாதவருக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து தூர்னே போகும் ரயில் வழியில் லூஸ் என்ற ஊரில் இறங்கினால், சேசோன் வகையின் இலக்கணமாகக் கருதப்படும் துய்போன் ஆலை இருக்கும் தூர்ப் கிராமம் தொலைவில் இல்லை. அதன் 6.5 சதவீதச் சேசோன் ஏற்றுமதியாகும் சரக்குதான் என்றாலும், பண்ணைக் கட்டடங்களுக்கு எதிரே உட்கார்ந்து குடிக்கும் ஒரு பகலுக்காக அதை மன்னித்துவிடலாம். அதேபோல் டிராப்பிஸ்ட் மடம் ஒன்றையாவது பார்த்தே தீர வேண்டுமென்றால், ஆன்ட்வெர்ப்பிலிருந்து பேருந்தில் போகக்கூடிய வெஸ்ட்மாலே மடத்துக்கு எதிரே உள்ள கூடம் போதும். அங்கே கருமையான டுப்பலையும் பொன்னிறத் திரிப்பலையும் ஒரே குவளையில் பாதிப் பாதியாகக் கலந்து கேட்பது உள்ளூர் வழக்கம்.

உணவு விஷயத்தில் மூன்று பாதைகளும் ஒன்றேபோல் தோன்றினாலும், சைவம் உண்பவருக்குப் பிரஸ்ஸல்ஸ் வட்டாரக் கூடங்கள் கைகொடுக்கும். ரொட்டித் துண்டில் புதிய வெண்பாலாடைக்கட்டியைத் தடவி, முள்ளங்கி வில்லைகளையும் வெங்காயத்தாளையும் தூவித் தருவது லாம்பிக்குக்கென்றே அமைந்த பழைய இணை. உருளைக்கிழங்கு வறுவல் சைவம் என்று நம்பி வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. மரபாக அதை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள்.

எனவே என் தேர்வு, ஐந்து நாளில் நான்கு நாள் பிரஸ்ஸல்ஸும் லாம்பிக் ஊர்களும், ஒரு நாள் போப்பரிங்கெ அல்லது தூர்ப். புளிப்பு அறவே பிடிக்காதவர் இதைக் கேட்க வேண்டாம். அவருக்குக் கென்ட் தான் இடம், இரண்டாவது பாதையில் அவர் ஏமாற மாட்டார். மூன்றாவது பாதையை, குடிக்காத நண்பர் ஒருவர் காட்டையும் மடங்களையும் விரும்பிக் காரோட்ட முன்வந்தால் மட்டும் பரிந்துரைப்பேன். போகும் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் மார்ச் அல்லது நவம்பர் நல்லது: லாம்பிக் காய்ச்சும் பருவம் நடந்துகொண்டிருக்கும், கூட்டமும் குறைவாக இருக்கும். கோடையில் போனால் செப்புத் தொட்டி வெறுமையாகக் கிடக்கும், பீப்பாய்கள் மட்டும் பேசும். ஈராண்டுக்கு ஒருமுறை லாம்பிக் ஆலைகள் ஒரே வார இறுதியில் கதவைத் திறந்து பேருந்துகளை ஏற்பாடு செய்யும் ‘தூர் டி கூஸ்’ நடக்கும் ஆண்டாக இருந்தால், மற்ற எல்லாக் கணக்குகளையும் தள்ளிவைத்துவிட்டு அந்த நாள்களையே பிடித்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது இந்தியச் சுங்கம் பயணி ஒருவருக்குத் தீர்வையின்றி அனுமதிப்பது 2 லிட்டர் மது. 33 சென்டிலிட்டர் பாட்டில் ஆறு, அல்லது 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு. வெளியூரில் கிடைக்கும் டிராப்பிஸ்ட் பாட்டில்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டாம். அவுட கூஸ் இரண்டை வாங்கித் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டால், வீட்டில் இருட்டான, குளிர்ச்சியான மூலை ஒன்றிருந்தால் போதும், அவை பல ஆண்டுகள் காத்திருக்கும். பேர்ஸலில் கல்ஜாடியிலிருந்து ஊற்றித் தந்ததை மட்டும் எந்தப் பாட்டிலிலும் கொண்டுவர முடியாது.